பொருள்: ‘சமூக நியமம்’ – மாற்றுச் சொல் தேவை, திங்கட்கிழமை அச்சு

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகளில் அமர்வோருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நீண்டகால ஒப்பந்தப் பிணக்குகள் பற்றிய அத்தியாயத்தில் ‘சோஷல் நோர்ம்’ (social norm), அதாவது எழுதி வைக்காமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘சமூக நியமம்’ என்று எழுதி வந்தேன். உரத்து வாசித்தால் சொல் ஒட்டவில்லை.

அத்தியாயம் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஸ்டூவர்ட் மெக்காலே 1963இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது. விஸ்கொன்சின் மாநில வணிகர்கள் பிணக்கு வந்தால் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளைப் புரட்டாமலும் நீதிமன்றப் படி ஏறாமலும் தீர்த்துக்கொண்டார்கள் என்று அவர் கண்டார். கொடுத்த வாக்கைக் காப்பது, நல்ல சரக்கைக் கொடுத்து அதற்குப் பொறுப்பேற்பது என்ற இரண்டும் அவர்களிடையே யாரும் மறுக்காதவை. அவற்றைக் குறிக்கத்தான் சொல் வேண்டும்.

வந்தாறுமூலை, முகாமைத்துவ விரிவுரையாளர்:

நியமம் வேண்டாம் தங்கை. எங்கள் மாணவர்களுக்கு நியமம் என்றாலே கணக்கீட்டு நியமம்தான். இலக்கமிட்டு, அச்சிட்டு, மேலிருந்து வருவது. நீங்கள் சொல்வது மேலிருந்து வருவதில்லை. ‘வழமை’ என்று எழுதுங்கள். சந்தையில் நிற்பவருக்கும் விளங்கும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வழமை’யின் அமைப்பே எனக்கு உறுத்துகிறது. பெருமை, கருமை என ‘மை’ ஈறு பண்பைக் குறிக்கும் அடிச்சொல்லோடு சேரும். ‘வழ’ என்பது என்ன பண்பு? தோழமை, அடிமை இல்லையா என்று கேட்பீர்கள். அங்கே தோழனும் அடியானும் நிற்கிறார்கள். இங்கே நிற்பவர் யார்? நமக்கு ஆதியிலேயே ‘வழக்கு’ இருக்கிறது. வழங்கு, வழக்கு, விளங்கு, விளக்கு. மெல்லினம் வல்லினமாகிப் பெயர் பிறக்கும் ஒழுங்கு இது. தொல்காப்பியப் பாயிரம் ‘வழக்கும் செய்யுளும்’ என்றே இலக்கணத்துக்கு மூலம் சொல்கிறது. மக்கள் இடையறாது நடந்து வந்ததே வழக்கு. அதை எழுதியவன் யாருமில்லை. ஆனாலும் எல்லோரும் அறிவார்கள். கையேடு தேடுவதும் அதைத்தானே? ‘சமூக வழக்கு’ என்று எழுதுங்கள். ‘நியமம்’ வடசொல் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அக்கரைப்பற்று, நெல் வியாபாரி:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் மத்தியஸ்த சபையில் போய் ‘சமூக வழக்கு’ என்றால், எந்தக் கோட்டில் போட்ட வழக்கு, எத்தனையாம் இலக்கம் என்று கேட்பார்கள்.

என் வாப்பா பத்து வருடக் குத்தகைக்கு வயல் செய்தவர். குத்தகை உறுதி பழைய சீலையில் சுற்றி அலுமாரியில் இருந்தது. 2011 தை மாத வெள்ளத்தில் கதிர் வந்த பயிர் அப்படியே மூழ்கியது. நீர் வடிந்த பிறகு வயலின் சொந்தக்காரரான போடியார் வந்தார். இருவரும் வரம்பில் நின்றார்கள். போடியார் குனிந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பதர். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, “இந்தப் போகத்துக்குக் குத்தகை வேண்டாம், விதைநெல்லுக்கு வழி பாருங்கள்” என்றார். உறுதியில் வெள்ளம் என்ற சொல்லே கிடையாது. இரண்டு போகம் கழித்து நல்ல விளைச்சல் வந்தபோது வாப்பா கேட்காமலே கூடுதலாக நாலு மூடை ஏற்றி அனுப்பினார். சீலை அவிழவே இல்லை.

வாப்பா இதை ‘முறை’ என்றுதான் சொல்வார். “அதுதான் மனே முறை.” வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டைவிதானை தண்ணீர் விடுவதும் முறைக்குத்தான், மச்சான், மாமி என்று அழைப்பதும் முறை, குறளில் அரசன் செய்வதும் முறை. உறவும் நீதியும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது வேறு எதற்குத் தேட வேண்டும்?

களுவாஞ்சிக்குடி, சட்டத்தரணி:

காக்கா, உங்கள் வாப்பாவின் கதையைக் கையேட்டிலேயே போடலாம். ஆனால் ‘சமூக முறை’ என்று எழுதினால் சமூக அமைப்பு என்றே வாசிப்பார்கள். ‘மூன்று முறை’யும் குறுக்கே நிற்கும். முறைப்பாடு வேறு பொலிசுக்குப் போய்விட்டது.

‘வழமை’யிலும் ஒரு பயம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். இன்றும் அது சட்டம். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் வழமையும் ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் செல்லுபடியானதுதான். ஆகவே ‘வழமை’ என்றதும், நீதிமன்றம் நடைமுறைப்படுத்தக்கூடியது என்று சபை உறுப்பினர் நினைத்துவிடக் கூடாது. கையேடு பேசுவது அதற்கு முந்திய நிலையை. மீறினால் தண்டம் இல்லை. அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்காது, அவ்வளவுதான். அந்த அச்சமும் நாணமும்தான் பத்து வருட ஒப்பந்தத்தைத் தாங்குகின்றன.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் ‘ஒழுகலாறு’, ஒழுகும் நெறி.

வந்தாறுமூலை, முகாமைத்துவ விரிவுரையாளர்:

ஐயா, அன்போடு சொல்கிறேன், அதற்கே ஓர் அருஞ்சொற்பொருள் போடவேண்டிவரும்.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:

நேற்று மாலை, சபையில் நீண்ட காலம் இருந்த பெரியவர் ஒருவரிடம் ஐந்து சொற்களையும் வாசித்துக் காட்டினேன். ‘நியமம்’ என்றதும் சுற்றறிக்கையா என்றார். ‘வழக்கு’ என்றதும் கைரேகை பார்ப்பவர்போல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, “யார் போட்டது?” என்றார். ‘ஒழுகலாறு’ ஓர் ஆற்றின் பெயராகிவிட்டது. ‘வழமை’ என்றதும் தலையசைத்தார். ‘முறை’ என்றதும் தன் வயற்கதையைத் தொடங்கிவிட்டார். அரை மணி நேரம் நிற்கவில்லை.

நேரம் இல்லை. விரிவுரையாளரும் சபைப் பெரியவரும் ஏற்கும், சட்டத்தரணி பயத்தோடு விடும் ‘சமூக வழமை’யே அச்சுக்குப் போகிறது. முதல் தடவை வருமிடத்தில், இது சட்டமாகிய வழமை அல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குத்தகை உதாரணத்தில் மட்டும் ‘முறை’ என்றே விட்டிருக்கிறேன், காக்கா.

களுவாஞ்சிக்குடி, சட்டத்தரணி:

‘சமூக’ எங்கும் விழுந்துவிடாமல் மெய்ப்புப் பாருங்கள். விழுந்தால் அது தேசவழமையாகிவிடும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. கோட்டுக்குப் போன ‘வழக்கு’ கடன்போன பொருள்; சொல் நம்முடையது. இரண்டாம் பதிப்பு வரும்போது எனக்குத் தெரிவியுங்கள் தங்கை.