புதுப்பிப்பு: பஜ்ஜிக்கடை எண்ணெய், வடிகட்டல் நிலவரம்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பஜ்ஜி எண்ணெயில் பயோடீசல் (டீசலுக்குப் பதிலாகப் பயன்படும் எரிபொருள்) செய்யப் பார்க்கிறார்கள், வடிகட்டும் துணி அடைத்துக்கொள்கிறது, சூடாக்கினால் படபடவென்று தெறிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டுமே சரியாகிவிட்டன.

துணி அடைத்ததற்கு எண்ணெயின் கெட்டித்தன்மைதான் காரணம். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் இளகி ஓடுகிறது. முதலில் டீ வடிகட்டி, அப்புறம் நான்காக மடித்த பழைய வேட்டித் துணி. கருகிய கடலைமாவு துணியில் சேறு மாதிரி தங்கியது. மிளகாய் விதைகூட இருந்தது!

தெறிப்புக்குக் காரணம் தண்ணீர். வடிகட்டியதை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்தோம். பிறகு மெல்லிய சூட்டில் கிளறிக்கொண்டே 110 டிகிரி செல்சியஸ் வரை. குமிழிகள் அடங்கிய பின் சூடான கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் சத்தமே இல்லை. தண்ணீர் மிச்சமிருந்தால், எண்ணெயைப் பயோடீசலாக மாற்றும் வினையைத் தூண்ட சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) சேர்க்கும்போது சோப்புதான் கிடைக்கும், எரிபொருள் அல்ல.

"எண்ணெய் சுத்தமாகிவிட்டதே, திரும்பப் பொரிக்கலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது. வடிகட்டினால் துகள்தான் போகும். எண்ணெய் சிதைந்து உண்டான துருவச் சேர்மங்கள் அப்படியே இருக்கும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி.

அடுத்தது, எண்ணெயோடு வினைபுரிந்து அதைப் பயோடீசலாக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால். விஷம், தீயும் சட்டென்று பிடிக்கும். அதை வேதியியல் ஆசிரியர் ஆய்வகத்தில் செய்து காட்டுவார், பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள்.