பேருந்துக் காசு வாங்கினால் தன்னார்வலர் இல்லையாமே?

தேன்சிட்டு:
நேற்று இன்னொரு இழையில் கல்தூண் ஐயா போகிறபோக்கில் ஒரு தீர்ப்பு வழங்கிவிட்டுப் போயிருந்தார். "வழிச்செலவுக்குக் காசு வாங்குகிறவர் தன்னார்வலர் அல்ல, கூலியாள்" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

நான் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அவ்வளவுதானே என்பார்கள். கணக்குத் தேர்வில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். "வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் நான்கு" என்று அந்தப் பிள்ளை சொல்லும். அந்த நான்கு மூலக்குறிக்கு உள்ளேயா, வெளியேயா? நாமாக ஊகித்து எழுதினால் விடையைச் சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். திரும்பச் சொல்லும்படி கேட்கத்தான் முடியும். அதற்குள் நேரம் ஓடிவிடும், பிள்ளைக்குக் குரல் நடுங்க ஆரம்பித்துவிடும். முடிந்து வெளியே வந்தால் விரலை மடக்க முடியாது. தேர்வு மையம் எப்போதும் எங்கோ ஒரு கோடியில்தான் இருக்கும். ஒருங்கிணைப்பாளர் போக வரப் பேருந்துக் காசை உறையில் போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொள்வேன். இது கூலியா?

கல்தூண்:
ஆமாம்.

பழையகுடை:
ஐயா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இழையைப் பூட்டிவிடலாமா?

கல்தூண்:
விளக்கம் வேண்டுமானால் தருகிறேன். நான் வெள்ள நிவாரண முகாமில் துணி பிரித்தவன். மூட்டை மூட்டையாக வரும். அவிழ்த்தால் பொத்தான் இல்லாத சட்டை, ஒற்றைச் செருப்பு, மேடை நாடகத்துக்குப் போடுகிற ஜிகினா உடுப்பு. ஈரத்தோடு கட்டிய மூட்டையைத் திறந்தால் பூஞ்சை நெடியில் கண்ணே எரியும். அங்கே நான் சொந்தக் காசில் போனேன். கையுறையும் சொந்தக் காசு. யாரிடமும் உறை வாங்கவில்லை. கை நீட்டிவிட்டால் தொண்டு அங்கேயே முடிந்தது.

ஈரமண்:
தன்னார்வலர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011 கையேட்டில், சம்பளமில்லாமல், கட்டாயமில்லாமல், சொந்த வீட்டாருக்கு அல்லாமல் பிறருக்குச் செய்கிற வேலை என்று இருக்கிறது. அதிலிருந்து...

கல்தூண்:
கையேடு எல்லாம் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு. காசு வாங்கினாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

இரவுக்குருவி:
அப்படியானால் ஐ.நா. தன்னார்வலர்களை என்ன செய்வது ஐயா? அந்தத் திட்டத்தை ஐ.நா. பொதுச்சபை 1970-ல் உருவாக்கியது. அதில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைப்படியே தருகிறார்கள்.

கல்தூண்:
அவர்களும் தன்னார்வலர்கள் இல்லை.

பழையகுடை:
ஐ.நா.வுக்கும் தகுதிநீக்கம்! அடுத்து யாரப்பா வரிசையில்?

கல்தூண்:
சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். 1965-ல் வியன்னாவில் செஞ்சிலுவை இயக்கம் ஏழு அடிப்படைக் கொள்கைகளை ஏற்றது. அதில் ஒன்று தன்னார்வச் சேவை. எந்த வகையிலும் ஆதாய நோக்கம் இருக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. உறை என்பது ஆதாயம்.

தேன்சிட்டு:
என் கையிலிருந்து போன காசு என் கைக்கே திரும்பி வருகிறது. இதில் ஆதாயம் எங்கே இருக்கிறது ஐயா? கூட்டிக் கழித்துப் பாருங்கள், சுழியம்தான் வரும்.

கல்தூண்:
போன காசு போனதாகவே இருக்க வேண்டும். அதுதான் தொண்டு. எனக்குக் கையுறைக் காசு திரும்பி வரவில்லை.

மழைத்தவளை:
நான் கல்லூரியில் படிக்கிறேன், வருமானம் கிடையாது. வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். பேருந்துக் காசு தராவிட்டால் என்னால் போகவே முடியாது. அப்போது காசிருக்கிறவர்கள் மட்டும்தான் தொண்டு செய்யலாமா?

கல்தூண்:
நடந்து போகலாமே தம்பி. வயது இருக்கிறது.

இரவுக்குருவி:
இதைவிட ஆணவமான பதிலை இங்கே நான் பார்த்ததில்லை. நான் மனநல உதவித் தொலைபேசியில் இரவு முறை பார்க்கிறவள். விடியற்காலை முறை முடிந்ததும் வீட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்து தருகிறார்கள். நானும் தம்பி மாதிரி நடந்தே போகட்டுமா?

கல்தூண்:
வண்டி வேறு, காசு வேறு.

பழையகுடை:
ஓகோ! வண்டியில் ஏற்றிவிட்டால் தொண்டு. அதே வண்டிக்குக் காசைக் கையில் கொடுத்தால் கூலி. இந்தச் சட்டத்தை எந்த வியன்னாவில் போட்டார்கள்?

ஈரமண்:
ரத்த தானத்தில் இதே சண்டை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஐரோப்பிய கவுன்சிலின் 1995 பரிந்துரையைப் பாருங்கள். சிறு நினைவுப்பொருள் தருவதும், வந்துபோன நேரடிச் செலவைத் திருப்பிக் கொடுப்பதும் பணம் பெறாத தானத்துக்கு முரணில்லை என்றுதான் அதில் இருக்கிறது. தானத்துக்கே அப்படி என்றால்...

கல்தூண்:
ரத்தம் வேறு, வேலை வேறு. நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. உறை வாங்கினாரா, இல்லையா?

தேன்சிட்டு:
வாங்கினேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்! படிக்காமலேயே சண்டைக்கு வருவீர்களா? சரி, இப்போது நான் ஒன்று கேட்கிறேன். சொந்தக் காசில் போன அதே முகாமில் பதாகையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை முகப்புப் படமாக மாதக்கணக்கில் வைத்திருந்தது யார்? அது ஆதாயம் இல்லையா?

கல்தூண்:
அது மற்றவர்களுக்கு ஊக்கம் தருவதற்காக.

பழையகுடை:
அந்தப் படத்தில் ஐயா கையில் கையுறையைக் காணோமே. நான் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன்.

கல்தூண்:
படம் எடுக்கும்போது கழற்றினேன். போன வருடம் ரத்த தான இழையில் நான் உங்களைத் திருத்தியதிலிருந்து இப்படித்தான் பின்னாலேயே வருகிறீர்கள். எல்லோருக்கும் தெரியும்.

பழையகுடை:
திருத்தினீர்களா? சர்வதேசத் தன்னார்வலர் தினம் 1985-லிருந்தே கொண்டாடப்படுகிறது என்று நீங்கள் போட்ட போடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கல்தூண்:
அது சரிதான். 1985. ஐ.நா. ஆவணத்திலேயே இருக்கிறது.

பழையகுடை:
தீர்மானம் நிறைவேறியது 1985 டிசம்பர் 17. தினம் டிசம்பர் 5. பன்னிரண்டு நாள் பின்னோக்கிப் போய்க் கொண்டாடினார்களா?

கல்தூண்:
அறிவித்த ஆண்டைத்தான் சொன்னேன்.

பழையகுடை:
"கொண்டாடப்படுகிறது" என்று எழுதினீர்கள்.

ஈரமண்:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். இழை வழிச்செலவைப் பற்றியது. காப்பீட்டையாவது பேசுவோமா? பணியின்போது தன்னார்வலருக்கு அடிபட்டால் யார் பார்ப்பது? அதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கி வைத்திருக்கிறீர்களா?

மழைத்தவளை:
எங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. தேன்சிட்டு அக்கா, தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறதா? கணக்கு எனக்கு நன்றாக வரும்.

தேன்சிட்டு:
எப்போதும் தேவைதான் தம்பி. ஆனால் அதே பாடத்தை உன்னளவு படித்தவர்களை நிறைய இடங்களில் எடுக்கமாட்டார்கள். விதியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். தனிச்செய்தி அனுப்பு.

கல்தூண்:
உறை உண்டா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

இரவுக்குருவி:
இவருக்கு யாராவது அந்தக் கையுறைக் காசைக் கொடுத்துத் தொலையுங்களேன்.

கல்தூண்:
கொடுத்தாலும் வாங்கமாட்டேன். அப்புறம், பழையகுடை, 1985 என்பது சரிதான். ஆவணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இரவுக்குள் போடுகிறேன்.

பழையகுடை:
போடுங்கள். தேதியை மறைக்காமல் போடுங்கள்.