பிள்ளையின் எடையும் ஓட்டமும்: திருகோணமலையில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்

உவர்மலை அம்மா:
மகனுக்கு 9 வயது. பள்ளிக்கூடத்தில் நிறுத்துப் பார்த்து, வயதுக்கு மிஞ்சிய எடை என்று துண்டு தந்தார்கள். அதை விடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழகும் நாள், கூட்டிவரப் போகிறேன். எல்லாரும் ஓடுகிறார்கள், இவன் மட்டும் மரத்தடியில் சப்பாத்துகளுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் காவல். "உன்னால ஏலாது, நீ இரு" என்று இருத்திவிட்டார்களாம். அழவில்லை. போத்தல்களை உயரப்படி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாரையும்விட ஓட வேண்டிய பிள்ளையைத்தானே இருத்தி வைத்தார்கள்? இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

பாலையூற்று சித்தி:
என் அக்காவின் மகளுக்கு இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் வீட்டில் மாதிரி வினாத்தாள். போக வர ஆட்டோ. ஒரு ஞாயிறு பின்னேரம் டச்சு பே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். சனமெல்லாம் அலையில் கால் நனைக்குது. இவள் மணலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "சித்தி, இங்க எங்க இருக்கிறது?" கடற்கரையில் கதிரை தேடுகிற பிள்ளை!

கிண்ணியா வாப்பா:
டியூஷனைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. நாங்களும் படித்துத்தான் வந்தோம். போன்தான் காரணம். மச்சானின் மகன் கோப்பையைப் பார்க்காமலே சாப்பிடுகிறான். சோறு முடிந்த பிறகும் கை வெறும் கோப்பையைத் துழாவுது. கண்ணால் கண்டேன்.

உப்புவெளி மாஸ்டர்:
வாப்பா, பாதிதான் சரி. நீங்கள் டியூஷனுக்குச் சைக்கிள் மிதித்துப் போன ஆள், வந்து பந்தும் அடித்திருப்பீர்கள். புத்தகமோ போனோ, மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் உடம்பு கொஞ்சம்தான் செலவழிக்கும். போனில் கூடுதல் கேடு, தின்ற அளவு தெரியாது, நித்திரையும் கெடும். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் விளையாட்டு வேண்டும் என்று 2020 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. இடைவேளையில் கொஞ்சம், டியூஷனுக்கு நடந்து கொஞ்சம், பின்னேரம் மீதி. கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் நாலரைக்குப் பிறகு வெளியே விடுங்கள். உவர்மலை அக்கா, மகனை ஓட்டத்தில் மட்டும் அளக்க வேண்டாம். கயிறிழுத்தலிலும் குண்டு போடுதலிலும் பாரம் பலம்தான். நீச்சலில் பாரம் முழங்காலை வருத்தாது. பட்டினி மட்டும் போடாதீர்கள். வளர்கிற வயதில் எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடும்போது சரிவருகிற பிள்ளைகள் நிறைய. கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். அப்புறம், சோடாவும் ரோல்ஸும் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு மைதானத்துக்கு அனுப்பிப் பயனில்லை.

அன்புவழிபுரம்:
மாஸ்டர், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரி. மகள் பெரியபிள்ளையானதோடு மாமி சைக்கிளைப் பின்சுவரோடு பூட்டிவிட்டா. நாலு வீடு தள்ளியுள்ள கடைக்கும் தம்பிதான் போகவேண்டும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உடம்பு வைத்தது, இப்போது அதற்கும் பேச்சு. முந்தநாள் அந்தச் சைக்கிள் டயரை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள், காற்று இருக்குதா என்று. நான் மாமியோடு கதைக்கத்தான் போகிறேன். ஏகாம்பரம் மைதானத்தில் விடிய வேளை பெண் பிள்ளைகள் பழகுவதை யாராவது கண்டிருக்கிறீர்களா?