டாவ் மோயேயின் கம்பி

கம்பிகள்மீது கட்டையை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைப் பாட்டி வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் அந்தக் குழைவு வேறெங்கும் கிடைக்காது என்று நம்பியிருந்தேன். போன மழைக்காலத்தில் நண்பர் ஒருவர், 1929இல் டோக்கியோவில் பதிவான ஹவாய்ப் பாடல்களை அனுப்பினார். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு கிட்டார்க் கம்பியின் ஒலி மேலே ஏறி, உச்சியில் சற்றே நடுங்கி, இறங்கியது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடியும் போட்டேன்.

வாசித்தவர் டாவ் மோயே. 1908இல் சமோவாவில் பிறந்து, ஹவாயின் லாயியே என்ற ஊரில் வளர்ந்தவர். கிட்டாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கும் முறையைக் கண்டறிந்தவராகப் போற்றப்படும் ஜோசப் கெக்குக்குவும் அதே ஊர்க்காரர்தான். பாடிய ரோஸ், டாவின் மனைவி. 1920களின் இறுதியில் ஒரு குழுவோடு கப்பலேறிய இருவரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஹவாய் இசைத்தட்டுகளைச் சேகரித்துவந்த கிட்டார் கலைஞர் பாப் பிராஸ்மனுக்கு 1980களில் லாயியேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தன்னிடமிருந்த பழைய தட்டில் வாசித்தவரே எழுதியிருக்கிறார் என்று புரிந்துகொண்ட அவர், அங்கே போய் அந்தப் பாடல்களை அவர்களோடு மீண்டும் பதிவுசெய்தார். 1989இல் அது வெளிவந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இருபதுகளில் இருந்த ரோஸ், எண்பதை ஒட்டிய ரோஸ். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, "முன்னால் பாடிய பெண்ணும் இந்தப் பாட்டியும் ஒருவர்தானா?" என்று கேட்டார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

*

அக்கா, டாவ் மோயே பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் சொன்ன அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் எனக்கும் எழுதத் தோன்றியது. கோட்டுவாத்தியம் பயில்கிறேன், பழைய கிட்டார் ஒன்றில் கம்பிகளை உயர்த்திக் கட்டி, மடியில் வைத்து முயன்றுபார்த்தேன். இரும்புத் துண்டு கம்பியை அழுத்தவே கூடாது, பட்டும் படாமல் நகர வேண்டும். அதன் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியைத் தொட்டபடியே வர வேண்டும். விட்டால் பின்பக்க அதிர்வு கிர்ரென்று கூடவே ஒலிக்கிறது. இதற்கே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. டாவ் மோயேயின் நடுக்கம் இன்னும் கைவரவில்லை. இன்று காலையும் அதே மூன்று நிமிடப் பாட்டோடுதான் உட்கார்ந்திருந்தேன்.