செற்றி கழுவுற மெசின்ல தண்ணி தெளிக்குதில்லை, பம் தேவை

கைக்கடக்கமான காபெற், செற்றி கழுவுற மெசின். 400 வாட்ஸ், சுத்தத் தண்ணித் தாங்கி 1.5 லீற்றர். வாங்கி எட்டு மாசம். பாவிக்கிறது கோண்டாவில்ல, கிணத்துத் தண்ணியிலை. உறிஞ்சல் நல்லாயிருக்கு. தெளிப்புத்தான் வரவரக் குறைஞ்சு, இப்ப அடியோட நிண்டிட்டுது. ட்ரிகரை அமத்தினா பம் இரையுது, தண்ணி வரேல்லை.

தண்ணி தெளிக்கிற முனையை (நொசில்) கழட்டி, வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டு, மெல்லிய ஊசியாலை துளையைக் குத்தியாச்சு. வெள்ளைப் படிவு கழண்டு வந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாற எங்கட தண்ணிக்கு அது புதினமில்லை. தாங்கிக்கு அடியில இருக்கிற ஸ்பிறிங் வால்வும் வலையும் சுத்தம். காத்துப் பிடிச்சிருக்குமோ எண்டு கைபிடியைத் தாங்கி மட்டத்துக்குக் கீழை பிடிச்சு அமத்தியும் பாத்தாச்சு.

கடைசியா அடித்தட்டைக் கழட்டி, பம்மிலை இருந்து வெளியபோற குழாயை உருவிவிட்டால் அதிலயே சொட்டுத்தான். ஆகவே பிழை பம்முக்குள்ளை: ஒண்டில் தண்ணியைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வின்ரை றப்பர் ஒட்டியிருக்கு, இல்லாட்டி பிஸ்டன் இறுகியிருக்கு. மீற்றர் வைச்சு ஓம்ஸ் (மின்தடை) பாக்கச் சொல்லாதேங்கோ. இந்த வகைப் பம் கனக்கத்துக்குள்ளை மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடுற டயோட் இருக்கும், காட்டுற அளவை நம்பேலாது.

பம்மிலை ஒட்டியிருக்கிறது: 220–240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 28 வாட்ஸ். குழாய் வாய் 6 மில்லிமீற்றர். வித்த கடையிலை உதிரிப்பாகம் இல்லையாம். கோப்பி மெசினுக்குப் போடுற 15 பார் பம் வேண்டாம், அந்த அமுக்கத்துக்கு இந்த மெல்லிய குழாய் நிண்டு பிடிக்காது.

இந்த 28 வாட்ஸ் பம்மை யாழ்ப்பாணம் ரவுணிலையோ சுன்னாகத்திலையோ தனியா எங்கை எடுக்கலாம்?