பொருளாதார மந்தத்திலும் வட்டியை உயர்த்தலாமா?

சின்ன அத்தை: அண்ணா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள், அதனால் உங்களிடமே கேட்கிறேன். தொழில்கள் படுத்துவிட்ட நேரத்தில், வேலையிழப்பு கூடிக்கொண்டிருக்கும்போது, விலைவாசியைக் குறைக்கிறோம் என்று சொல்லி மத்திய வங்கி வட்டியை உயர்த்துவது, விழுந்து கிடப்பவனை மிதிப்பது ஆகாதா?

பெரியப்பா: சாதாரண மந்தமாக இருந்தால் நீ சொல்வதே சரி, அப்போது விலையும் தானாக அடங்கும், வட்டியைக் குறைப்பதே முறை. விலையேற்றமும் மந்தமும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். மத்திய வங்கியிடம் உள்ள முக்கியக் கருவி வட்டி ஒன்றே. அது மக்கள் செலவிடுவதையும் கடன் வாங்குவதையும்தான் குறைக்கும். எண்ணெய்க் கிணற்றில் உற்பத்தியையோ வயலில் விளைச்சலையோ கூட்டாது.

அண்ணன்: அது எப்படிக் குறைக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 ஆண்டு வீட்டுக் கடனில் ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 775. வட்டி 9 சதவீதமானால் அது 900 ஆகிவிடும். சம்பளம் உயராமலே தவணை மட்டும் ஆறில் ஒரு பங்கு கூடினால், அந்தக் குடும்பம் வேறு எதையாவது வாங்காமல் விட்டுத்தானே ஆக வேண்டும்.

நான்: பெரியப்பா, எரிபொருள் விலையால்தான் எல்லாம் ஏறுகிறது என்றால், அந்தக் குடும்பத்தின் கையைக் கட்டிப்போட்டு என்ன பயன்?

பெரியப்பா: முதல் ஏற்றம் எரிபொருளால் வந்ததாகவே இருக்கட்டும். விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிவிட்டால், தொழிலாளர்கள் அதற்கேற்பக் கூலி கேட்பார்கள், வணிகர்கள் முன்கூட்டியே விலையை உயர்த்துவார்கள். பிறகு எரிபொருள் மலிந்தாலும் ஏற்றம் நிற்காது. 1970களில் அமெரிக்காவில் நடந்தது அதுதான். 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கர், அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவரானார். 1980 மார்ச்சில் பணவீக்கம் 14.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மந்தம் வந்ததும், 17 சதவீதத்துக்கு மேல் இருந்த வட்டி சில மாதங்களில் 9 சதவீத அளவுக்கு இறங்கியது. பணவீக்கமோ பெரிதாக இறங்கவில்லை. மறுபடியும் ஏற்ற வேண்டியதாயிற்று. 1981 ஜூனில் சராசரி வட்டி 19 சதவீதத்தையும் தாண்டியது. அடுத்த மாதமே இரண்டாவது மந்தம் தொடங்கியும் அவர் எளிதில் பிடியைத் தளர்த்தவில்லை. பாதியில் இறங்கி மறுபடி ஏறியதால்தான் வலி இரட்டிப்பானது என்பது என் கருத்து.

சின்ன அத்தை: அந்த வலி யாருக்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள் அண்ணா. 1982 இறுதியில் அங்கே வேலையின்மை 10.8 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியதால் வீடு கட்டும் தொழிலே முடங்கிப்போய், கட்டுமானக்காரர்கள் தங்களிடம் விற்காமல் கிடந்த மரச்சட்டங்களை வெட்டி, வட்டியைக் குறையுங்கள் என்று அதன்மேலேயே எழுதி வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு போய் பெடரல் ரிசர்வ் கட்டடத்தின் முன் நின்றார்கள். பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு, பலனை அனுபவித்தவர்கள் வேறு.

பெரியப்பா: மறுக்க மாட்டேன். டாலரில் கடன் வாங்கியிருந்த நாடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று கைவிரித்ததற்கு அந்த உயர்ந்த வட்டியும் ஒரு காரணம்.

அண்ணன்: எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறதே. ஐரோப்பிய மத்திய வங்கி 2011 ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியை உயர்த்தியது. கச்சா எண்ணெய் விலை ஏறியிருந்தது வாஸ்தவம். ஆனால் கிரேக்கத்தில் தொடங்கிய கடன் நெருக்கடி பரவிக்கொண்டிருந்தது, கூலியும் பெரிதாக உயரவில்லை. சில மாதங்களில் யூரோ நாடுகள் மந்தத்தில் விழ, நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு உயர்வுகளையும் திரும்பப் பெற்றார்கள். யாருமே துரத்தாத திருடனைத் தேடி வீட்டையே பூட்டி வைத்ததாகத்தான் அது தெரிகிறது எனக்கு.

பெரியப்பா: அது தவறான முடிவு என்பதே என் எண்ணமும். பார்க்க வேண்டியது மந்தம் இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. விலையேற்றம் கூலிக்குள்ளும் மக்களின் எதிர்பார்ப்புக்குள்ளும் புகுந்துவிட்டதா என்பதையும்தான். புகுந்துவிட்டால் மந்தத்திலும் ஏற்றத்தான் வேண்டும், புகாவிட்டால் பொறுத்திருக்கலாம்.

நான்: ஏற்றிவிட்டார்கள் என்பதாலேயே வட்டி கடுமையாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது இல்லையா? வட்டி 9, பணவீக்கம் 12 என்றால், கடன் வாங்கியவர் உண்மையில் 3 சதவீதம் லாபத்தில்தானே இருக்கிறார்?

பெரியப்பா: சரியாகப் பிடித்தாய். பணவீக்கத்தைக் கழித்துப் பார்க்காமல் வட்டி அதிகம், குறைவு என்று பேசுவது வீண்பேச்சு. 2022 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி, நீண்ட மந்தம் வரப்போகிறது என்று தன் அறிக்கையிலேயே சொல்லிவிட்டு, அன்றே வட்டியை 2.25 சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாக உயர்த்தியது. கொடூரமாகத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய மாதத்தின் பணவீக்கம் 11.1 சதவீதம்.

சின்ன அத்தை: பிறகு அங்கே பணவீக்கம் இறங்கியதற்கு எரிவாயு விலை சரிந்ததே பெரிய காரணம். வட்டி தன் பங்குக்கு மேல் பெயர் வாங்கிக்கொண்டது.

பெரியப்பா: எரிவாயுவுக்குப் பெரும்பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் கூலியும் சேவைக் கட்டணங்களும் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 2023 ஆகஸ்டில் வட்டி 5.25 சதவீதம் வரை போனது அதனால்தான்.

சின்ன அத்தை: அப்படியானால் அரசு என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? எல்லாப் பாரத்தையும் வட்டியின் தலையில் ஏற்றினால் கடைசியில் அடிபடுவது வேலையிழந்தவன்தான்.

பெரியப்பா: அவனுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தால் தவறே இல்லை. எல்லோருக்கும் சலுகை என்று இறங்கினால், வங்கி ஒரு பக்கம் இழுக்க அரசு மறுபக்கம் இழுக்கும். 2022 செப்டம்பரில் இங்கிலாந்து அரசு, பணத்துக்கு வழி சொல்லாமலே பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிந்து, வட்டியை ஏற்றிக்கொண்டிருந்த அதே வங்கி, சில நாட்களுக்குள் அந்தப் பத்திரங்களைத் தானே வாங்கிச் சந்தையைத் தாங்க வேண்டியதாயிற்று.

சின்ன அத்தை: அதைப் படித்திருக்கிறேன். உங்கள் பதிலில் பாதியை ஏற்கிறேன் அண்ணா. உதவித்தொகை முதலில், வட்டி உயர்வு பிறகு என்ற வரிசையை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.