மறு: ஃபிஷ் டேப் – ‘மீன்நாடா’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

மின்பணியாளர் பையில் இருக்கும் கருவிகளுக்கான சொற்பட்டியலை நேற்றிரவுதான் முழுதாகப் படித்தேன். பாதிக்கு மேல் எனக்குச் சண்டை இல்லை. குறடு, திருப்புளி, அரம், சுத்தியல் எல்லாம் நாம் உட்கார்ந்து செய்ய வேண்டிய சொற்களே அல்ல, முன்பே இருப்பவை. ஆனால் ஃபிஷ் டேப்புக்கு (சுவருக்குள் இருக்கும் பைப்பில் வயர் இழுப்பதற்காக முதலில் உள்ளே விடும் நீளமான நாடா) நேரே ‘மீன்நாடா’ என்று பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

> ஆங்கிலத்தில் மீன் என்றுதானே இருக்கிறது. மூலத்தை ஒட்டி மீன்நாடா என்றே வைக்கலாம். பழகினால் சரியாகிவிடும்.

பழகினால் செருப்புக்கடி கூடத்தான் சரியாகிவிடும், ஐயா. அதற்காக அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? அந்த ஆங்கிலச் சொல்லில் இருப்பது நீந்துகிற மீனும் இல்லை. தூண்டில் போட்டு இருட்டுத் தண்ணீரில் துழாவுவது போல, சுவருக்குள் இருக்கும் பைப்பில் ஒன்றை விட்டுத் துழாவுகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் அடைத்துக்கொண்டால் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொன்று விட்டு, உள்ளேயே ஒன்றோடொன்று கொக்கி மாட்டவைத்து இழுப்பதும் உண்டு. அங்கே தூண்டில் என்ற நினைப்பு பொருந்துகிறது. அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்றால் தூண்டிலைக் கொண்டுவர வேண்டும், மீனை அல்ல.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. போன மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் மின்வேலை நடந்தது. படுக்கையறை ஏ.சி.க்கென்று கட்டும்போதே ஒரு 25 மி.மீ. பைப்பைச் சுவரில் காலியாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் வயர் இழுக்க வேண்டும். வந்தவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், பெங்களூரில் பல வருடமாக வேலை செய்கிறவர். கூட ஒடிசாப் பையன் ஒருவன், தமிழ் முக்கால்வாசி, கன்னடம் பாதி. அண்ணன் ஏணி மேல் நின்றுகொண்டு, “தம்பி, அந்த ஸ்பிரிங்க எடு” என்றார். பையன் பையைக் கிளறி ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தான். “இது இல்லடா, ஸ்பிரிங்கு.” பையன் முழித்தான். திரும்பவும் அதையே துடைத்துக் கொடுத்தான், அழுக்காக இருந்ததுதான் குற்றம் என்று நினைத்தானோ என்னவோ.

நான் பையைப் பார்த்தேன். அதில் ஸ்பிரிங் என்று பெயர் கொண்டவை இரண்டு. ஒன்று, முழங்கை நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றிய எஃகுச் சுருள். பி.வி.சி. பைப்புக்குள் அதை விட்டு, முட்டியில் வைத்து வளைத்தால் பைப் நசுங்காமல் வளையும். வளைத்ததும் சுருளைத் திருகி உருவிவிடுவார்கள். இன்னொன்று நம் விவாதப்பொருள்: வளையமாகச் சுற்றி வைத்திருக்கும் முப்பது மீட்டர் வெள்ளை நைலான். அதன் ஒரு முனையில் விரல் நீளத்துக்கு மெல்லிய சுருளும் நுனியில் ஒரு குண்டும். பைப் திரும்பும் இடத்தில் அந்த நுனி மட்டும் வளைந்து வழி கண்டுபிடித்துப் போகும். அந்த நுனியின் பெயர்தான் முழுக் கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆக, இரண்டும் ஸ்பிரிங். ஏணி மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவனுக்கும் நடுவே ஒரு சொல் குறைகிறது. தமிழ்ப்பற்று எல்லாம் அப்புறம். இந்தச் சொல் வேலைக்கே தேவைப்படுகிறது.

பட்டியலில் வரும் மற்றவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று பை முழுவதையும் தரையில் பரப்பிவிட்டார்கள். கட்டிங் பிளேயர், டெஸ்டர், பிடியில்லாத ஹாக்சா பிளேடு, ஐந்து நிறத்தில் இன்சுலேஷன் டேப், ஒரு சின்ன டால்கம் பவுடர் டப்பா. பவுடர் எதற்கு என்று கேட்டேன். வயருக்குப் பூசினால் பைப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். சரி. அப்புறம் ஹோல்டரில் மாட்டிய பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். டெஸ்டர் இருக்கும்போது இது எதற்கு?

“டெஸ்டர் நியான்க்கா. நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும், லேசா லீக் ஆனாலும் எரியும். பல்பு அப்படி ஏமாறாது.”

இதை நம் பட்டியலில் யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வயர். டெஸ்டரில் நியான் விளக்கோடு பெரிய மின்தடை ஒன்று தொடராக இணைந்திருக்கும். நம் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டமே அதை மினுக்க வைத்துவிடும். மின்னழுத்தம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியும். அந்த இணைப்பு ஒரு பல்பைத் தாங்குமா என்பது தெரியாது. அதனால்தான் இரண்டையும் சுமக்கிறார்கள். இரண்டுக்கும் ‘மின்காட்டி’ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். ஸ்பிரிங் குழப்பத்தை நாமே இன்னொரு முறை செய்கிறோம்.

இனி பெயர். நம் குழுவில் வந்தவை மீன்நாடா தவிர இரண்டு: நுழைகம்பி, இழுகம்பி. வேலை முடிந்து டீ குடிக்கும்போது மூன்றையும் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். மீன்நாடாவுக்கு, “கருவாடாக்கா?” என்றார். நுழைகம்பிக்கு, “நுழைக்கிறது பாதி வேலைதானே, இழுக்கிறதுலதான் இடுப்பு போவுது” என்றார். இழுகம்பி பரவாயில்லை, ஆனால் இப்போது யார் கையில் கம்பி இருக்கிறது? எஃகில் செய்தது இன்னும் கடையில் கிடைக்கிறது. ஆனால் பழைய வயர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பைப்பில் எஃகை விட அவருக்குப் பயம், எனக்கும்தான். நைலானைக் கம்பி என்பது ஒட்டவில்லை.

அப்போதுதான் எனக்குப் பட்டது. அவர் செய்துகொண்டிருந்ததை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது செய்கிறேன். பாவாடைக்கு நாடா கோப்பது. துவைக்கும்போது நாடா உருவிக்கொண்டு வந்துவிடும். ஊக்கை எடுத்து நாடா நுனியில் குத்தி, மடிப்பின் வாயில் விட்டு, வெளியிலிருந்து விரலால் தடவித் தடவி நகர்த்தி, மறுபக்கம் தலை தெரிந்ததும் பிடித்து இழுக்க வேண்டும். நடுவில் ஊக்கு திறந்துகொண்டால் போச்சு, முதலிலிருந்து. அண்ணன் செய்ததும் அதேதான். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்று வயரின் நுனியையும் நாலு விரல் அளவு சீவி, மூன்றையும் ஒரே இடத்தில் மடக்காமல் ஏறுக்கு மாறாக நைலான் முனையில் இருக்கும் கண்ணில், அதாவது துளையில், மாட்டி முறுக்கினார். மேலே டேப்பைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்தார். தாழம்பூ மொட்டு மாதிரி கூர்ந்துகொண்டு போயிற்று. முடிச்சு தடித்தால் பைப் திரும்பும் பெண்டில் மாட்டிக்கொள்ளும் என்றார். பாவாடை மடிப்பிலும் முடிச்சு தடித்தால் தையலில்தான் மாட்டும்.

குழுவில் ஆண்கள் அதிகம். உங்களில் எத்தனை பேர் நாடா கோத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: கோப்பூசி.

கட்டுமானம் நமக்குப் புதிதில்லை. திருப்பு + உளி = திருப்புளி. இழைப்பு + உளி = இழைப்புளி. இரண்டிலும் பின்னால் இருக்கும் உளி, கல்லோ மரமோ செதுக்கும் பழைய உளி. முன்னால் இருப்பது கை செய்யும் வேலை. திருப்புளியால் யாரும் எதையும் செதுக்குவதில்லை, ஆனாலும் அந்தச் சொல் நிற்கிறது. அதே அச்சில் கோப்பு + ஊசி = கோப்பூசி. நாளை நைலான் போய் வேறு ஏதாவது வந்தாலும் ஊசி ஊசிதான்.

‘கோர்ப்பூசி’ என்று இருக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். கோத்தலா, கோர்த்தலா என்ற பழைய பஞ்சாயத்து. இலக்கணம் பார்ப்பவர்கள் கோத்தான், கோத்தாள், கோவை என்பார்கள். எழுத்தில் இப்போது பெரும்பாலும் கோர்த்து, கோர்வை என்றே வருகிறது. நான் எதற்கும் தலையைக் கொடுப்பதில்லை, ஆனால் இந்த முறை ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் சொன்னது, “ஊசில நூல் கோக்குற மாதிரி.” ரகரம் இல்லை. எங்கள் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். இலக்கணக்காரரும் ஏணிக்காரரும் ஒரே பக்கம் நிற்கும்போது நடுவில் நாம் எதற்கு ஒரு ரகரத்தைச் செருக வேண்டும்?

> கோப்பு என்றால் அலுவலகக் கோப்பு என்று நினைப்பார்களே?

நினைக்கட்டும். தாளில் துளை போட்டு நாடா கோப்பதால்தான் அதுவும் கோப்பு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தவிர, ஏணி மேல் நிற்பவர் கோப்பு கேட்டதாக யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. பெங்களூரில் தளத்தில் தமிழ்ச் சொல் எப்படி நிற்கும், கன்னடமும் இந்தியும் ஒடியாவும் கலந்துதானே பேசுகிறார்கள் என்பது. உண்மைதான். அன்று வயர் இழுக்கும்போதே பார்த்தேன். அண்ணன் பையனிடம் கன்னடத்தில் “பிடு” என்றார், விடு என்று பொருள். தமிழ்ப் “பிடி” என்று காதில் விழுந்தால் நேர் எதிர். பையன் ஒரு கணம் தயங்கி இரண்டும் இல்லாமல் நின்றான். ஆனால் இதே தளத்தில்தான் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் கொத்தனார் ரசமட்டம் என்கிறார், அதைக் கன்னடக்காரர்களும் ரசமட்ட என்கிறார்கள். மூலைமட்டமும் அப்படியே. ராஜஸ்தான் தச்சர் ‘தோ சூத்’ என்று கேட்டால் நம் ஆள் ‘ரெண்டு நூல்’ என்று புரிந்துகொண்டு கால் அங்குலம் விட்டுக் கொடுக்கிறார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு அங்கே சூத், இங்கே நூல், இரண்டுமே இழைதான். கையில் வைத்துப் பார்க்கும் பொருளிலிருந்து பிறந்த சொல் எல்லை தாண்டும். புத்தகத்திலிருந்து பெயர்த்த சொல் பக்கத்துத் தெருவுக்கே போகாது.

அறிவியல் தமிழ்ச் சொற்களுக்காக 1916இல் சேலத்தில் ஒரு சங்கம் தொடங்கியவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம், எங்கள் அண்ணன் ஊர்ப்பக்கம்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்பறைக்கு நிறையச் செய்திருக்கிறோம். இந்தப் பைக்குள் நாம் இன்னும் சரியாகக் கையை விட்டுப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

வளைக்கிற ஸ்பிரிங்குக்கு வளைசுருள் என்று வைக்கலாம். அதில் எனக்குப் பெரிய யோசனை ஒன்றும் இல்லை, வேறு நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள்.

கடைசியாக நடந்தது. மறுநாள் ஹாலில் இன்னொரு பாயிண்ட். கோப்பூசி என்று நான் சொல்லிக் கொடுத்ததை அண்ணன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை ஏணியிலிருந்து “தம்பி, ஊசி” என்றார். பையன் டெஸ்டரைக் கொடுத்தான். “கோக்குற ஊசிடா.” நைலான் வளையம் வந்தது. அதன்பின் அன்று முழுவதும் ‘ஊசி’ என்றே ஓடியது, தப்பாக எதுவும் வரவில்லை. சாயங்காலம் பையன் அதைச் சுற்றி வைக்கும்போது என்னைப் பார்த்து “ஊசி, பெரிசு” என்றான்.

இதைப் பட்டியலில் எப்படிப் பதிவது என்று தெரியவில்லை. கோப்பூசி என்று தலைச்சொல் கொடுத்து, அடைப்புக்குள் ‘பேச்சில் ஊசி’ என்று போடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மீன்நாடாவை எடுத்துவிட்டு அப்படியே ஏற்றிவிடுகிறேன். மின்காட்டிச் சண்டையைத் தனி இழையில் தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.